வாடைக் கடலில் கைகொடுத்தவர்களுக்கு

கற்பிட்டிக் கரையில் படகுச் சொந்தக்காரரான சம்மாட்டி நானாவுக்கும், அவரோடு வந்து படகோட்டிய மண்டாடி அண்ணனுக்கும், கரையோர மீனவர் குடிலான வாடியில் சோறு போட்டவர்களுக்கும், புத்தளத்து ஐஸ்காரருக்கும், இங்கே மலையிலிருந்து எங்களை வழியனுப்பியவர்களுக்கும்,

வணக்கம். தை மாதப் பனியில் நுவரெலியாவிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் செம்பல்லி மீன் பிடிக்கக் கற்பிட்டிக்கு இறங்கி வந்த நான்கு பேரின் நன்றி இது. போனில் ஏற்கனவே சொல்லிவிட்டோம். ஆனால் நீங்கள் சொல்லித்தந்தவை எங்களோடு நின்றுவிடக் கூடாது. மலைநாட்டிலிருந்து கடலுக்குப் போக ஆசைப்படுகிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லோரும் பார்க்க எழுதுகிறோம்.

நானா, முதல் நன்றி நீங்கள் எங்களைப் படகில் ஏற்றாத அந்த முதல் நாளுக்கு. கரையில் அலையே இல்லை, தண்ணீர் குளம்போலக் கிடந்தது. அப்படியிருந்தும் மாட்டேன் என்றீர்கள், காரணத்தையும் சொன்னீர்கள். மார்கழி, தை மாதங்களில் வீசும் வாடை, அதாவது வடகிழக்குக் காற்று, கற்பிட்டியில் தரையிலிருந்து கடலை நோக்கிப் போகிற காற்று. கரையோரத்தில் அலை எழும்ப அதற்கு இடமில்லை. நாலைந்து கிலோமீட்டர் வெளியே போன பிறகுதான் அலை வளரும், கரையில் நின்று பார்ப்பவருக்கு அது தெரியாது. அங்கே எஞ்சின் நின்றால் காற்று படகைக் கரைக்குத் தள்ளாது, வெளிக்கடலுக்குத்தான் இழுத்துக்கொண்டு போகும். தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் கடல் முரடாக இருந்தாலும் காற்று கரைப்பக்கம் தள்ளும். வாடையில் கடல் அமைதியாகத் தெரிந்துகொண்டே ஆளைத் தூரத்துக்குக் கொண்டுபோய்விடும். மேற்குக் கரையில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம் என்று கேட்டுவிட்டு வருகிறவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

விடியற்காலையில் கரைக்காற்றும் வாடையோடு சேர்ந்துகொள்ளும். அதனால் குளிரும் காற்றும் உச்சத்தில் இருப்பது சூரியன் வருவதற்குச் சற்று முன்புதான். வெயில் ஏறினால் கடற்காற்று எதிர்த்து வந்து வாடையை அமர்த்தும். வானிலைத் திணைக்களத்தின் கடல் அறிவித்தலில் காற்றின் வேகத்தைப் பார்த்து, மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேலென்றால் 23 அடி ஃபைபர் படகை இறக்குவதில்லை என்பது உங்கள் கணக்கு. மறுநாள் அந்தக் கணக்குக்குள் வந்த பிறகுதான் வெளிக்கிட்டோம்.

எண்ணெய்க் கணக்கும் அதே காற்றை ஒட்டியதுதான். போகும்போது காற்று முதுகில், வரும்போது முகத்தில். ஆகையால் மீன்பிடிக்கும் இடத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு எரிந்ததோ, அதைப்போல இருமடங்கு மிச்சம் இருக்கவேண்டும். மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெற்றோலில் கிளப்பி, நன்றாகச் சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது, நிறுத்துவதற்கு முன் மறுபடி பெற்றோலில் ஓடவிட்டுக் காபரேட்டரைச் சுத்தமாக விடுவது, எஞ்சினின் பின்னால் பீச்சுகிற தண்ணீர் நிற்கிறதா என்று ஓயாமல் பார்ப்பது, இவையெல்லாம் மண்டாடி அண்ணன் கற்றுத்தந்தவை. அந்தத் தண்ணீர் நின்றால் உறிஞ்சும் துளையில் பொலித்தீன் பை ஒட்டியிருக்கும், உடனே நிறுத்தி எடுக்காவிட்டால் எஞ்சின் வெந்துவிடும். மாற்று ப்ளக் இரண்டும், அதைக் கழற்றும் சாவியும், ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கியும் படகில் இருந்தன. இவை இல்லாத படகில் எவரும் ஏறவேண்டாம்.

தூண்டில் சாமான் எடுத்த புத்தளம் கடைக்கார அண்ணனுக்கு அடுத்த நன்றி. விலை கூடியதை நீட்டாமல், வேண்டியதை மட்டும் வெட்டித் தந்தார். தாய்க்கயிறு 80 இறாத்தல் பாரம் தாங்கும் தங்கூசி (நைலான் இழை), தூண்டில் கட்டும் கிளை 60 இறாத்தல், ஈயம் கட்டும் துண்டு மட்டும் 25 இறாத்தல். செம்பல்லி இருப்பது பாறையில். ஈயம் அங்கே அடிக்கடி சிக்கும். சிக்கினால் மெல்லிய துண்டு அறுந்து ஈயம் மட்டும் போகும், மீனும் தூண்டிலும் மேலே வரும். எல்லாவற்றையும் ஒரே தடிப்பில் கட்டினால் ஒரு சிக்கலில் முழுத் தொகுதியும் போய்விடும். ஈயத்துக்கு மேலே ஒன்றரை அடியில் முதல் கிளை, அதற்கு மேலே இரண்டடியில் அடுத்தது. கிளையின் நீளம் ஒரு சாண் போதும். அதற்கு மேல் நீண்டால் தாய்க்கயிற்றில் சுற்றிக்கொள்ளும். இருபது பாகத் தண்ணீருக்கு, அதாவது ஏறக்குறைய 36 மீட்டருக்கு, 300 கிராம் ஈயம். நீரோட்டம் இழுத்தால் 500.

முடிச்சை எச்சில் தொட்டு நனைத்துத்தான் இறுக்கவேண்டும், காய்ந்தபடி இறுக்கினால் உராய்வுச் சூட்டில் தங்கூசி பலம் இழக்கும். இன்னொன்று, குளிர்காலத்துக்கென்றே சொன்னது: தொகுதிகளை வீட்டிலேயே கட்டிக்கொண்டு வாருங்கள். ஆளுக்குப் பத்து, ரெஜிஃபோம் (வெள்ளை நுரை அட்டை) துண்டுகளில் சுற்றியபடி. விடியற்காலைக் காற்றில் நனைந்த விரல் விறைத்தால் ஊசிக்கண்ணில் தங்கூசி நுழையாது. அந்த மாதத்தில் கடல்நீர் 27, 28 பாகை இருக்கும். கையைத் தண்ணீரில் வைத்திருக்கும்வரை இதமாக இருக்கும், வெளியே எடுத்த கணத்தில் காற்று கடிக்கும். சைக்கிள் டியூபை வெட்டி விரலுக்கு உறை செய்து தந்தீர்களே அண்ணா, அது குளிருக்கும் உதவியது, தங்கூசி அறுக்காமலும் காத்தது.

உடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் குளிர் எங்களுக்குப் பழகியது என்று மலைக்காரர் நினைப்பதுண்டு. நுவரெலியாவின் உறைபனி காய்ந்த குளிர். படகுக் குளிர் நனைந்த துணியில் காற்று படுகிற குளிர். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் ஒருமுறை நனைந்தால் மத்தியானம்வரை உடம்புச் சூட்டை உறிஞ்சும். கம்பளி ஜேர்சி நனைந்தாலும் கொஞ்சம் சூடு வைத்திருக்கும், அதற்கு மேல் மழைக்கோட்டு போட்டால் காற்று நுழையாது. மாற்று உடுப்பை இரட்டைப் பொலித்தீனில் கட்டிவைக்கவேண்டும். மலைப்பாதை வளைவுகளில் தலைசுற்றாதவருக்கும் நங்கூரமிட்ட படகில் குமட்டும். தோட்டத்து டிஸ்பென்சரி மிஸ்ஸி தந்த மாத்திரையைப் படகேறுவதற்கு ஒரு மணிநேரம் முன்பே போட்டதால் நாலு பேரும் நிமிர்ந்து நின்றோம். வாந்தி தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. நன்றி, மிஸ்ஸி.

இரை கணவாயும் கும்பளா மீனும். முதல்நாள் இரவே துண்டுபோட்டுக் கல்லுப்பில் புரட்டி வைக்கச் சொன்னவர் வாடியில் இருந்த அக்கா. உப்பு சதையிலுள்ள நீரை இழுத்து அதை இறுக்கும், சின்ன மீன்கள் கொத்தினாலும் தூண்டிலில் நிற்கும். முனை உள்நோக்கி வளைந்த வளைதூண்டில் போட்டிருக்கும்போது மீன் கடித்தவுடன் வெடுக்கென்று வெட்டி இழுக்கக்கூடாது. தங்கூசி தானாக இறுகும்வரை பொறுத்து, பிறகு சீராக ஏற்றவேண்டும், ஊசி வாயோரத்தில் தானே மாட்டிக்கொள்ளும். வெட்டி இழுத்தால் வாயிலிருந்து வழுக்கி வந்துவிடும். ஈயம் தரை தட்டியதும் ஒரு பாகம் மேலே தூக்கி நிறுத்துவது, மாட்டிய மீனை முதல் இரண்டு பாகத்துக்குள் விடாமல் இழுத்துப் பாறையிலிருந்து பிரிப்பது, மிச்சத்தைப் பதறாமல் ஏற்றுவது. பொந்துக்குள் புகுந்துவிட்டால் இழுத்து அறுக்காமல் தங்கூசியைத் தளர்த்திச் சில நிமிடம் விட்டால் பெரும்பாலும் தானே வெளியே வரும். இந்தப் பொறுமைதான் எங்களுக்குப் பிடிபட நேரம் எடுத்தது.

நானா, இடம் தெரிந்தெடுத்ததில் நீங்கள் காட்டிய கவனத்துக்கும் நன்றி. கடலடிப் பாறைத் திட்டைப் பார் என்று நம் கடற்சனம் சொல்வது வழக்கம். கற்பிட்டிக்கு வெளியே உள்ள பவளப்பார் 1992இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். அந்தப் பக்கம் போகாமல், உயிர்ப்பவளம் இல்லாத கற்பாருக்கு எங்களைக் கொண்டுபோனீர்கள். கம்பியில் செய்த நங்கூரம் பாறையில் மாட்டினாலும் பலமாக இழுக்கக் கால்கள் நிமிர்ந்து வந்துவிடும். கயிறு ஆழத்தைப்போல் மூன்று மடங்கு.

சிறிய மீன்களைத் திருப்பி விட்ட முறையையும் சொல்லவேண்டும். இருபது பாகத்திலிருந்து ஏறும் செம்பல்லிக்குக் காற்றுப்பை ஊதி, இரைப்பை வாய்வழியே தள்ளிக்கொண்டு நிற்கும். அப்படியே எறிந்தால் மிதந்து சாகும். இரைப்பையைக் குத்தவும் கூடாது. அண்ணன் முள் நசுக்கிய தூண்டிலைத் தலைகீழாக ஈயத்தோடு கட்டி, மீனின் உதட்டில் மாட்டி அடிக்கு இறக்கி, ஒரு சுண்டு சுண்டி விடுவித்தார். கீழே போகப்போக அழுத்தத்தில் காற்று சுருங்கி மீன் தன் நிலைக்கு வரும்.

கருஞ்சிவப்பாய் வந்த பெரிய மீன் ஒன்றைப் பெட்டியில் ஏற்ற அண்ணன் எங்களை விடாததற்கும் நன்றி. இரட்டைப்புள்ளிச் செம்பல்லி பெரிதாக வளரும்போது பவளப்பார்களில் உண்டாகும் சிகுவாட்டெரா நஞ்சு உடம்பில் சேர்ந்திருக்கக்கூடும். சமைத்தாலும் போகாது, ஐஸில் வைத்தாலும் போகாது. வாயோரம் விறைக்கும், குளிர்ந்த பொருள் சுடுவதுபோலத் தோன்றும். மீனின் நிறமோ மணமோ அதைக் காட்டிக்கொடுக்காது.

புத்தளத்து ஐஸ்கார அண்ணா, நீங்கள் இல்லாவிட்டால் மலைக்கு நல்ல மீன் வந்திருக்காது. ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் கடலுக்கு, பயணத்துக்கு இன்னும் அரைக் கிலோ கூட என்று தந்தீர்கள். படகில் பிடித்தவுடன் செவுளை வெட்டி இரத்தம் வடியவிட்டு, நொறுக்கிய ஐஸும் கடல்நீரும் கலந்த கலவையில் அமிழ்த்தினோம். வெறும் ஐஸ்கட்டி மீனை ஒரு பக்கம் மட்டும் தொடும், கலவை சுற்றிவரக் குளிரவைக்கும். தரைப்பயணத்துக்கு அது சரிவராது. மீன்களைக் குடல் எடுத்துப் பொலித்தீன் பைகளில் போட்டு, ரெஜிஃபோம் பெட்டியில் ஐஸ், மீன், ஐஸ் என்று அடுக்கி, மூலையில் துளையிட்டு உருகிய நீரை வடியவிட்டோம். நன்னீரில் ஊறினால் கண் வெளுக்கும், சதை நொய்ந்துபோகும். குருநாகல்வரை வெக்கையில் ஐஸ் வேகமாகக் கரைந்தது. கம்பளை தாண்டி ஏற ஏறக் கரைவது குறைந்தது. நுவரெலியாவில் மூடியைத் திறந்தபோது மேலடுக்கு ஐஸ் அப்படியே கிடந்தது.

இரவு முழுக்க ஓட்டிய வான்கார அண்ணனுக்கும், றம்பொடைப் பனிமூட்டத்தில் நிறுத்தி இஞ்சித் தேத்தண்ணி வாங்கித்தந்ததற்கும், தேங்காய்ரொட்டியும் கட்டச்சம்பலும் கட்டித்தந்த அம்மாமாருக்கும் நன்றி. ரொட்டி மறுநாள் மத்தியானம்வரை கெடவில்லை.

மிஞ்சிய ஏழு தூண்டில் தொகுதிகளையும் வாடிக் கூரைக்கம்பில் தொங்கவிட்டிருக்கிறோம் அண்ணா, எடுத்துப் பாவியுங்கள். நீங்கள் இரவல் தந்த இரண்டு மழைக்கோட்டுகளையும் கழுவிக் காயவைத்துப் புத்தளம் பஸ்ஸில் அனுப்பியிருக்கிறோம், ஒரு பொதி தேயிலையும் கூட இருக்கும். நானா, மாசியில் காற்று இறங்கினால் ஒரு சொல் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
நுவரெலியா, ஹட்டன் நண்பர்கள் நால்வர்