முழு எண்களைத் தாண்டி ஓர் உதாரணம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் எம்.எஸ்சி. கணிதம் முடித்து நெட் தேர்வுக்குப் படிப்பவர்களிடம் அடிக்கடி காணும் தவறு, 'டார்ஷன் இல்லாத மாட்யூல் எல்லாம் ஃப்ளாட்' என்பது. (மாட்யூல் என்பது ஒரு வளையத்தின், அதாவது கூட்டலும் பெருக்கலும் உள்ள அமைப்பின், உறுப்புகளால் பெருக்கக்கூடிய கூட்டல் குலம். பூச்சியமல்லாத வளைய உறுப்பால் பெருக்கியதும் பூச்சியமாகிவிடும் பூச்சியமல்லாத உறுப்பு இருந்தால் அது டார்ஷன். ஒன்றுக்குள் ஒன்றாக உள்ள மாட்யூல்களை அதனோடு டென்சர் செய்தபின்பும், உள்ளிருப்பதன் பூச்சியமல்லாத எந்த உறுப்பும் பெரியதில் பூச்சியமாகாது என்றால் அது ஃப்ளாட்.) முழு எண்களின் மேல் இது உண்மை, எந்த பி.ஐ.டி.யின் மேலும், அதாவது முழு எண்களைப் போல ஐடியல் (வளையத்தின் எந்த உறுப்பால் பெருக்கினாலும் தனக்குள்ளேயே நிற்கும் துணைக்குலம்) ஒவ்வொன்றும் ஒரே உறுப்பின் மடங்குகளாக அமையும் வளையத்தின் மேலும், உண்மை. வகுப்பில் போடும் உதாரணங்கள் அங்கேயே நின்றுவிடுவதால் பொது விதிபோல மனதில் பதிந்துவிடுகிறது.

இரண்டு மாறிகள் வந்தாலே விதி உடையும். க, ச என்ற மாறிகளில் மெய்யெண் கெழுக்கள் கொண்ட பல்லுறுப்புக் கோவைகளின் வளையம் வ. மாறிலி உறுப்பு இல்லாத கோவைகளின் ஐடியல் ம; க, ச அதன் பிறப்பாக்கிகள். ம-வில் டார்ஷன் இல்லை.

இப்போது ம⊗ம-வில் க⊗ச − ச⊗க என்ற உறுப்பைப் பாருங்கள் (⊗ என்பது டென்சர் பெருக்கல்; வளைய உறுப்பை அதன் ஒரு பக்கத்திலிருந்து வெளியே எடுக்கலாம், மறுபக்கத்துக்கும் நகர்த்தலாம்). ம⊂வ என்பதைக் கொண்டு வ⊗ம-வுக்குப் போனால் அது கச − சக, அதாவது பூச்சியம். ம ஃப்ளாட் என்றால் அது ம⊗ம-விலேயே பூச்சியமாக இருந்தாக வேண்டும். அப்படி இல்லை. ம-வின் இரு கோவைகளில், முதலாவதில் க-வின் கெழுவையும் இரண்டாவதில் ச-வின் கெழுவையும் பெருக்குங்கள். எந்தக் கோவையை வ-விலிருந்து எடுத்துப் பெருக்கினாலும் அதன் மாறிலி உறுப்பு மட்டுமே வெளியே வருவதால், இந்தப் பெருக்கல் ம⊗ம-வின் மேல் சரியாக அமைகிறது. நம் உறுப்புக்கு விடை 1 − 0 = 1.

சறுக்கும் இடம் ஒன்றுதான்: க⊗ச-வை கச(1⊗1) என்று எழுதிவிடுகிறார்கள். 1 என்பது ம-விலேயே இல்லையே! வெளியே எடுத்தபின் மிஞ்சுவதும் ம-வுக்குள் இருக்க வேண்டும். நம் உறுப்பை க-வால் பெருக்கினால் க⊗கச − கச⊗க. இங்கே ச-வைத் தாராளமாக வெளியே எடுக்கலாம், இரு பக்கமும் ச(க⊗க) மிஞ்சி விடை பூச்சியமாகும். ஆகவே டார்ஷன் இல்லாத ம, தன்னோடு டென்சர் செய்யும்போது டார்ஷனைப் பெறுகிறது.

ம-வின் பிறப்பாக்கிகளுக்கிடையே உள்ள உறவுகள் எல்லாம் (−ச, க) என்ற ஒன்றின் மடங்குகளே. எனவே ப்ரொஜெக்டிவ் பரிமாணம் (உறவுகள், அவற்றுக்கிடையே உறவுகள் என எத்தனை படி இறங்க வேண்டும் என்ற அளவு) 1. முழு எண்களில் ஐடியல் ஒவ்வொன்றும் ஒரே பிறப்பாக்கியோடு ஃப்ரீ (பிறப்பாக்கிகளுக்கிடையே உறவே இல்லாதது) ஆகிவிடுவதால் இந்த உறவே அங்கு தலைகாட்டாது.

டார் (Tor; ஃப்ளாட் தன்மையிலிருந்து விலகலை அளக்கும் கருவி) என்ற சொல்லை அறிமுகம் செய்யும் முன்பே, இந்த அரைப்பக்கக் கணக்கைக் கரும்பலகையில் முழுமையாகப் போட்டுக் காட்டும்படி நம் மாவட்டக் கல்லூரி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர்கள் சிலர்,
கன்னியாகுமரி மாவட்டம்.