மாடிப்படி விளக்கும் நியூட்ரலும்

ஆசிரியருக்கு,

மாடிப்படியின் டூ-வே விளக்கை (மேலும் கீழும் இரண்டு சுவிட்சால் இயங்குவது) மொபைலில் இயக்க ஸ்மார்ட் பல்பு வாங்குவது வீண். யாராவது சுவிட்சை அணைத்துவிட்டால் பல்புக்கு மின்சாரமே இருக்காது. செயலி என்ன செய்யும்? செயலி சொன்னபடி விளக்கை இயக்கி அணைக்கும் சிறு கருவியான ரிலே மாட்யூல்தான் சரி.

அதை மாடி சுவிட்ச் பெட்டிக்குள் வைக்கலாம். எம்சிபியை (மெயின் போர்டில் உள்ள பாதுகாப்பு சுவிட்ச்) இறக்கி, மின்சாரம் இல்லை என்று டெஸ்டரால் சரிபார்த்து, இரண்டு டூ-வே சுவிட்சையும் கழற்றி பெல் சுவிட்ச் (அழுத்தும்போது மட்டும் இணைப்பு தருவது) போடவும். பெட்டிகளுக்கு இடையே ஓடும் இரண்டு வயரில் ஒன்றைக் கீழே நேரடி ஃபேஸில் (மின்சாரம் வரும் வயர்) இணைத்தால், மேலே மாட்யூலுக்கும் பெல் சுவிட்சுக்கும் அதுவே ஃபேஸ். மற்றது கீழ் பெல் சுவிட்சிலிருந்து மாட்யூலின் சுவிட்ச் முனைக்கு. மேல் சுவிட்சின் மறுமுனையும் அங்கேயே. விளக்கு வயர் அவுட்புட்டில். செயலியில் ‘புஷ் பட்டன்’ முறையைத் தேர்ந்தெடுக்கவும். சுவிட்ச் முனை 230 வோல்ட் ஏற்கும் மாடலா என்று முதலிலேயே பாருங்கள். ஏற்காததில் ஃபேஸ் கொடுத்தால் மாட்யூல் கருகிவிடும்.

தலைவலி நியூட்ரல்தான் (மின்சாரம் திரும்பிச் செல்லும் வயர்). மாட்யூல் இயங்க அதுவும் வேண்டும். பல வீடுகளில் அந்தப் பெட்டியில் இருக்காது. விளக்குப் பாயின்ட்டிலிருந்து 1.5 சதுர மி.மீ. வயர் இழுக்க வேண்டும். வேறு ஆர்சிசிபியில் (மின்கசிவு இருந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள சர்க்யூட்டிலிருந்து கடன் வாங்கினால், விளக்கு எரிந்ததும் ட்ரிப் ஆகும். நியூட்ரல் கேட்காத மாட்யூலும் கிடைக்கிறது; அதில் சிறிய எல்இடி பல்பு அணைத்த பிறகும் மினுக்கக்கூடும்.

புது வீடு கட்டுவோர் ஒயரிங் நடக்கும்போதே ஒவ்வொரு சுவிட்ச் பெட்டிக்கும் ஒரு கறுப்பு (நியூட்ரல்) வயர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

– மின்கம்பியாளர் ஒருவர், மதுரை