செம்பியைப் பார்த்துக்கொள்ளும் அனைவருக்கும் நன்றி

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் பூனை செம்பிக்கு வயது 16. நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தும் அவள் பசித்து உண்கிறாள், விரும்பிய இடத்தில் ஏறிப் படுக்கிறாள். இதற்குக் காரணமான உங்களுக்கு வாய்மொழியாகச் சொன்ன நன்றி போதவில்லை என்பதால் இம்மடலை எழுதுகிறோம்.

மருத்துவர் அம்மா, செம்பி அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறாள், இளைத்தும் வருகிறாள் என்று நாங்கள் சொன்னபோது, வயதானால் அப்படித்தான் என்று ஒதுக்காமல் இரத்தத்தையும் சிறுநீரையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்தீர்கள். சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறத்தாழ 75 விழுக்காடு போன பிறகே, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் தெளிவாக உயரும் என்பதையும், போனது திரும்பாது என்பதையும் மறைக்காமல் சொன்னீர்கள். சொன்ன கையோடு, எஞ்சியதைக் காக்கும் வழிகளையும் விளக்கினீர்கள். பாஸ்பரஸ் குறைந்த உணவைப் பழைய உணவோடு சிறுகச் சிறுகக் கலந்து பழக்கச் சொன்னீர்கள். பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதால், புதிய உணவை அவள் மறுத்தால் பிடித்ததைக் கொடுத்தாவது உண்ண வையுங்கள் என்றும் அறிவுறுத்தினீர்கள். கட்டுப்படாத இரத்த அழுத்தம் விழித்திரையைப் பிரித்துப் பார்வையைப் பறித்துவிடும் என்பது எங்களுக்குப் புதிய செய்தி. அழுத்தத்தைக் குறைக்க நாள்தோறும் அவளுக்குத் தரும் அம்லோடிபின் மாத்திரைத் துண்டைப் பார்க்கும்போதெல்லாம் உங்களை நினைத்துக்கொள்கிறோம்.

மருத்துவமனை உதவியாளர் தம்பிக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. உடலில் நீர் வற்றாமலிருக்கத் தோலுக்கடியில் ரிங்கர் லாக்டேட் என்னும் உப்புக்கரைசலை ஏற்றுவதை வீட்டிலேயே செய்யலாம் என்றதும் எங்களுக்குக் கை நடுங்கியது. நீங்கள் அவசரப்படுத்தவில்லை. பாட்டிலை வெந்நீரில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவருவது, தோள்களுக்கு நடுவே தோலைக் கூடாரம்போல் உயர்த்திப் பிடிப்பது, அதன் அடியில் ஊசியைச் சாய்வாகச் செலுத்துவது என ஒவ்வொன்றையும் செய்துகாட்டி, பிறகு எங்கள் கையால் செய்ய வைத்தீர்கள். ஏறிய நீர் முன்னங்காலுக்கு இறங்கி வீங்கினாற்போல் தெரியும், உடல் அதை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால், அதைக் கண்டபோது நாங்கள் பதறவில்லை. நோயைத் தாங்கும் துணிவை எங்களுக்குத் தந்தது அந்தப் பயிற்சிதான். எந்த மருந்துக்கும் குறையாத உதவி அது.

எதிர்வீட்டு அக்கா, நாங்கள் வெளியூரில் இருந்த நாள்களில் வேளை தவறாமல் மாத்திரை கொடுத்ததோடு, எவ்வளவு உண்டாள், எத்தனை முறை சிறுநீர் கழித்தாள் என்பதையும் எழுதி வைத்தீர்கள். அடுத்த சோதனையின்போது மருத்துவர் முதலில் கேட்டு வாங்கியது அந்தத் தாளைத்தான். ஆய்வகத்தாருக்கும், கிழட்டுப் பூனைக்கு இவ்வளவு செய்ய வேண்டுமா என்று ஒருமுறைகூடக் கேட்காத உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. அப்படிக் கேட்காமல் இருந்ததும் பேருதவியே.

இதே நோயுள்ள பூனையை வளர்ப்பவர்கள், தங்கள் மருத்துவர் திரவம் ஏற்றச் சொல்லியும் ஊசியைக் கண்டு தயங்கினால், எங்கள் வீட்டுக்கு வாருங்கள். தம்பி எங்களுக்குக் கற்றுத் தந்தபடியே, அதே பொறுமையோடு, அருகில் இருந்து காட்டித் தருகிறோம்.

நன்றியுடன்,
செம்பியின் வீட்டார்