கூட்டைப் படமெடுக்காதே, எய்யா

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. நீ அனுப்பிய படங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் நின்று சிறகடித்துக்கொண்டே தண்ணீரைக் குனிந்து பார்க்கிறதே, அந்தப் படம் அருமை. கண்ணில் சரியாக ஃபோகஸ் விழுந்திருக்கிறது. ஷட்டர் வேகம் 1/2000 நொடியை விட மெதுவாக இருந்திருந்தால் இறக்கை வெறும் புகையாகத்தான் வந்திருக்கும்.

கடைசியாக ஒரு கொண்டைக்குருவிக் கூட்டுப் படம் அனுப்பியிருந்தாய். மூன்று குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற படம். எல்லாரும் பாராட்டினார்கள் என்றும் எழுதியிருந்தாய். அதைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் “சரிம்மா, சரிம்மா” என்று வைத்துவிடுவாய்.

படத்தின் வலது ஓரத்தைப் பெரிதாக்கிப் பார். ஒரு கிளையை யாரோ நூல் போட்டு வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். நீயா, உன்னோடு வந்தவர்களா என்று நான் கேட்கவில்லை. அந்தக் கிளை மறைக்கிறது என்று விலக்கியிருப்பீர்கள். எய்யா, அது மறைக்கிறது என்பதால்தான் அந்தக் குருவி அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தது. இறகு முளைக்காத குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே சமாளிக்கத் தெரியாது. நேர் வெயில் கொஞ்ச நேரம் பட்டாலே போதும், வாடிப்போகும். காக்கையும் செம்போத்தும் சும்மா இருக்காது. மனிதர்கள் ஒரு புதர்ப் பக்கம் குனிந்து குனிந்து போவதைக் காக்கை கவனித்துக்கொண்டே இருக்கும். நீங்கள் கிளம்பியதும் அது வரும்.

இன்னொன்று. குஞ்சுகள் வாயைத் திறந்திருப்பது உங்களைப் பார்த்து இல்லை. அந்த வயதில் கண்ணே சரியாகத் திறந்திருக்காது. கூடு லேசாக ஆடினால் தாய் வந்து உட்கார்ந்துவிட்டது என்று நினைத்து வாயைப் பிளக்கும். நீங்கள் கிளையைத் தொட்டிருக்கிறீர்கள், கூடு ஆடியிருக்கிறது. எல்லாரும் அழகு என்று சொன்னது அதைத்தான். எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கவே மனசு கேட்கவில்லை.

இப்போது எப்படி இருக்கிறதோ என்று திரும்பவும் அங்கே போய்ப் பார்க்காதே. போகாமல் இருப்பதுதான் இப்போது உன்னால் முடிந்த உதவி. அந்தப் படத்தைப் போட்ட இடத்திலிருந்து நீக்கிவிடு. அதில் இடம் பதிவாகியிருந்தால் அதையும் அழி. கூட்டுப் படம் என்றாலே பல புகைப்படப் போட்டிகளில் இன்று எடுத்துக்கொள்வதில்லை என்பதை உன் நண்பர்களிடமும் சொல். செல்போனில் பறவையின் குரலைப் போட்டு அதை வெளியே வரவழைக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். குஞ்சுக்கு இரை தேட வேண்டிய பறவை, இல்லாத எதிரியைத் தேடிக் கத்திக்கொண்டே அலையும். அந்த வேலையும் உனக்கு வேண்டாம்.

அப்போ எதைத்தான் எடுப்பது என்று கேட்பாய். நம் வீட்டுக்குப் பின்னால் போகிற கரண்டு கம்பியில் தினமும் ஒரு பச்சைப் பஞ்சுருட்டான் வந்து உட்காருகிறது. சட்டென்று பாய்ந்து பறக்கும், அந்தரத்திலேயே ஒரு தேனீயைப் பிடிக்கும், திரும்ப வந்து அதே கம்பியில் அதே இடத்தில் உட்காரும். பிடித்ததை உடனே விழுங்காது. கம்பியில் இப்படியும் அப்படியும் பட்பட்டென்று அடிக்கும், அப்புறம் வயிற்றுப் பக்கத்தைக் கம்பியில் வைத்துத் தேய்க்கும். கொடுக்கில் இருக்கிற விஷம் வெளியேறிய பிறகுதான் தலையை அண்ணாந்து விழுங்கும். இதைப் படமெடுக்க அதன் பின்னால் ஓடவே வேண்டாம். திரும்பி வரும் இடம் உனக்குத் தெரியும். அங்கே ஃபோகஸ் வைத்துவிட்டு உட்கார்ந்திரு. முதலில் உன்னைச் சந்தேகமாகப் பார்க்கும், அப்புறம் கண்டுகொள்ளாது. அதற்கப்புறம் கிடைக்கிறதுதான் நல்ல படம்.

காட்டு விலங்குகளைப் படமெடுத்த மா. கிருஷ்ணன் இப்படித்தான் வேலை செய்தார். 1912-ல் நம் திருநெல்வேலியில் பிறந்தவர், எழுத்தாளர் மாதவையாவின் மகன், பத்மஸ்ரீ வாங்கியவர். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தனக்கென்று ஒரு கேமராவை உருவாக்கி வைத்திருந்தார். யானைகளைக் கருப்பு வெள்ளையில்தான் பெரும்பாலும் எடுத்தார். அந்தப் படங்களில் யானை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும், மேயும், நடக்கும், குட்டியை அணைத்து நிற்கும். லென்ஸ் வாங்கக் காசு சேர்க்கிறேன் என்கிறாயே, அதற்கு முன்னால் அவர் படங்களைத் தேடிப் பார்.

பங்குனி உத்திரத்துக்கு நம் சாஸ்தா கோவிலுக்கு வருகிறாய் அல்லவா, கூட ரெண்டு நாள் லீவு போடு. கூந்தன்குளம் போவோம். சின்ன வயதில் உன்னைக் கூட்டிப் போயிருக்கிறேன், நினைவிருக்காது. 1994-ல் பறவைகள் சரணாலயம் என்று அறிவித்தார்கள், ஆனால் அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே அந்த ஊர்க்காரர்கள் பறவைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். குளத்து மரங்களில் மட்டும் என்றில்லை, ஊருக்குள் வீட்டு முற்றத்து மரத்திலும் நாரை கூடு கட்டும். எச்சமும் மீன் நாற்றமும் தாங்க முடியாது, ஆனாலும் ஒருத்தரும் விரட்ட மாட்டார்கள். தீபாவளிக்கு வெடி போட மாட்டார்கள். கீழே விழுகிற குஞ்சுகளுக்கு மீன் கொடுத்து வளர்ப்பார்கள். எச்சம் கரைந்த குளத்து வண்டல் வயலுக்கு நல்ல உரம். வடக்கேயிருந்து இமயத்தைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்துகள் அதற்குள் கிளம்பிப் போயிருக்கும். வர்ண நாரையும் கூழைக்கடாவும் குஞ்சுகளோடு இருக்கும்.

அங்கேயும் கூடுதானே என்று கேட்காதே. அது மனிதர்கள் நடக்கிற தெருவைப் பார்த்துப் பழகிய பறவை. நாம் கரையிலும் பறவை பார்க்கிற கோபுரத்திலும்தான் நிற்போம், ஒரு அடிகூடக் கிட்டே போக மாட்டோம். மத்தியான வெயில் ஏறும்போது தாய் நாரை என்ன செய்கிறது என்று பார். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, ரெண்டு இறக்கையையும் பாதி விரித்துப் பிடிக்கும். அந்த நிழலில் குஞ்சுகள் நெருக்கியடித்து நிற்கும். சூரியன் நகர நகரத் தாயும் தன் நிலையை மாற்றிக்கொண்டே இருக்கும். அலகில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சுகளுக்குக் கொடுப்பதும் உண்டு. உன் 400 எம்எம் லென்ஸுக்கு அது போதுமான தூரம்தான். வெள்ளை இறகு வெயிலில் வெளுத்துப் போகும், எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்து வை. பத்து மணிக்கு மேல் தூரத்துப் படங்கள் கானலில் நெளியும், எவ்வளவு விலை லென்ஸ் போட்டாலும் அது தெளியாது. அந்த நேரத்தில் கேமராவை மடியில் வைத்துவிட்டுப் பைனாகுலரில் பார்.

மலைப் படம் எடுக்க ஆசை என்றாயே, நம் பக்கம் மலை மேற்கே இருக்கிறது. காலையில் வெயில் அதன் முகத்தில் நேராக விழும், ஒவ்வொரு மடிப்பும் தெரியும். சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும்போது பனைகள் மட்டும் கருப்பாக நிற்கும். இரண்டும் எடு.

பங்குனியில் பதநீர் காலம். பனையேறிகளைப் படமெடுக்க உனக்குக் கட்டாயம் ஆசை வரும். ஆள் மரத்தில் இருக்கும்போது கீழேயிருந்து கூப்பிட்டு “அண்ணாச்சி, இந்தப் பக்கம் பாருங்க” என்று மட்டும் சொல்லிவிடாதே. கால் பிடியும் கைப் பிடியும்தான் அவருக்கு உயிர். இறங்கட்டும், பேசு, ஒரு பட்டை பதநீர் வாங்கிக் குடி, எடுக்கலாமா என்று கேள். வேண்டாம் என்றால் விட்டுவிடு. சரி என்றால் முகத்தோடு நிறுத்தாமல் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுகிற அந்தக் கையையும் எடு. பதநீர் புளித்துக் கள்ளாகாமல் இருப்பது அந்தச் சுண்ணாம்பால்தான். எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு எனக்கு அனுப்பு, நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். போனில் காட்டிவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர், கையில் படம் கொடுத்தவர்கள் குறைவு.

கேமரா பையில் சிலிகா ஜெல் போட்டு வை, ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை வந்துவிடும். வரும்போது பச்சையோ காக்கியோ ஒரு சட்டை கொண்டுவா, அந்தச் சிவப்புச் சட்டை வேண்டாம். கூந்தன்குளத்துக்கு மூலைக்கரைப்பட்டி வழியாகத்தான் போக வேண்டும், விடிவதற்குள் அங்கே இருக்கணும். நாலரைக்குக் கிளம்பலாம் என்று பக்கத்து வீட்டு அண்ணனிடம் காருக்குச் சொல்லி வைக்கிறேன். எந்தத் தேதிக்கு டிக்கெட் எடுத்தாய் என்று உடனே எழுது.

அன்புடன்,
அம்மா