பாப்பாவுக்கு, பழைய லேப்டாப் விஷயமாக

பாப்பா,

நீ அனுப்பின மெசேஜ் செவ்வாய்க்கிழமை ராத்திரி 11.45க்கு வந்தது. நான் முழித்துத்தான் கிடந்தேன். பொங்கலுக்கு அப்புறம் நீயாக அனுப்பின முதல் மெசேஜ் அது. பழைய லேப்டாப்பின் கிராபிக்ஸுக்குக் கம்பெனி டிரைவர் போடவா, யாரோ மாற்றி எழுதின டிரைவர் போடவா என்று ஒரே வரி. அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சரி, கேட்டாயே, அது போதும். போனில் பேசினால் எனக்குப் பாதி வார்த்தை வராது, நீயும் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. எதைத் தொடுவதற்கு முன்னாலும் உன் வேலையை எல்லாம் வெளியே ஒரு ஹார்டு டிஸ்கில் எடுத்து வை. டெஸ்க்டாப்பில் எதையும் விட்டுவைக்காதே.

2016இல் டவுன் மாமாவோடு போய் வாங்கின அதே மிஷின்தானே? அதற்குள் படம் வரைகிற கிராபிக்ஸ் சிப் இரண்டு இருக்கிறது. ஒவ்வொன்றையும் விண்டோஸோடு பேசவைக்கிற சாஃப்ட்வேர்தான் டிரைவர். பிராசஸருக்குள்ளேயே இருக்கிற இன்டெல் ஒன்று, தனியாக ஏஎம்டி ஆர்5 எம்330 இன்னொன்று. ஸ்கிரீனுக்குப் போகிற வயர் இன்டெலில் இருந்துதான் போகிறது. ஏஎம்டி படத்தை வரைந்து இன்டெல் கையில் கொடுக்கும், இன்டெல் அதை ஸ்கிரீனுக்குக் கொண்டுபோகும். இந்த இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் ஒன்று ஏஎம்டி சும்மா கிடக்கும், இல்லையென்றால் ஸ்கிரீன் கறுப்பாகிவிடும். அதனால்தான் லேப்டாப் செய்கிற கம்பெனி இரண்டு டிரைவரையும் சேர்த்துச் சோதித்து ஒரே பொட்டலமாகக் கொடுக்கிறது. வெளிச்சம் கூட்டுகிற கீ, மூடித் திறந்தால் எழுந்திருப்பது, எச்டிஎம்ஐயில் டிவி மாட்டுவது, இதெல்லாம் அந்தப் பொட்டலத்தில் ஒழுங்காக இருக்கும். குறை என்னவென்றால் மாடல் பழசானதும் கம்பெனி அதைத் திரும்பிப் பார்க்காது. உன் மிஷினுக்கு எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.

அடுத்தது சிப் செய்தவர்களே கொடுக்கிற டிரைவர். முன்பெல்லாம் இன்டெல் டிரைவரைப் போடப்போனால், இது இந்தக் கம்ப்யூட்டருக்குச் சரிபார்க்கப்படவில்லை, தயாரித்தவரிடம் போய் வாங்கு என்று திருப்பி அனுப்பும். 2020 ஏப்ரலில் அந்தப் பூட்டை எடுத்துவிட்டார்கள். ஆனால் 2022 ஜூலையில் உன்னுடைய ஆறாம் தலைமுறை பிராசஸரைப் பழைய வரிசையில் தள்ளிவிட்டார்கள். ஏஎம்டி அதற்கும் முன்னாலேயே, 2021 ஜூனில் உன் சிப்பைக் கைவிட்டது.

அங்கேதான் மாற்றி எழுதுகிறவர்கள் வருகிறார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன், பழைய மிஷின் குப்பைக்குப் போகக்கூடாது என்று ராத்திரி பகலாக உட்கார்கிற பையன்கள் அதில் உண்டு. டிரைவரோடு ஐஎன்எஃப் என்று ஒரு ஃபைல் வரும், எந்தெந்த சிப்புக்கு இது பொருந்தும் என்கிற பட்டியல் அதில் இருக்கும். அந்தப் பட்டியல் எண்களாக இருக்கும், 1002 என்றால் ஏஎம்டி, 8086 என்றால் இன்டெல். அதற்குப் பின்னால் லேப்டாப் செய்தவரின் எண்ணும் வரும், டெல்லுக்கு 1028, லெனோவோவுக்கு 17ஏஏ. பட்டியலில் உன் எண் இல்லையென்றால் டிரைவர் ஏறாது. இவர்கள் அந்த எண்ணைச் சேர்க்கிறார்கள், சிலர் உள்ளே இருக்கிற ஃபைல்களையே புதிய டிரைவரில் இருந்து எடுத்து மாற்றி வைக்கிறார்கள். ஒரு எழுத்து மாறினாலும் கம்பெனி போட்ட டிஜிட்டல் கையெழுத்து செல்லாமல் போய்விடும். 64 பிட் விண்டோஸ் அதை ஏற்றுக்கொள்ளாது. அப்போது என்ன செய்யச் சொல்வார்கள் தெரியுமா, ஸ்டார்ட்டப்பில் எஃப்7 அழுத்திக் கையெழுத்துச் சோதனையை நிறுத்து, செக்யூர் பூட்டை அணை, டெஸ்ட் மோடில் போடு என்பார்கள். டிரைவர் என்பது விண்டோஸின் அடிமடியில் ஓடுகிற பொருள். அந்தக் கதவைத் திறந்துவைத்துவிட்டு பேங்க் வேலையும் அதே மிஷினில் பார்க்கக்கூடாது பாப்பா. கையெழுத்து இருந்தாலே முழுசாக நம்பமுடியாத காலம் இது. 2022இல் என்விடியாவுக்குள் புகுந்து திருடினவர்கள் அவர்களுடைய கையெழுத்துச் சான்றிதழையே வெளியே விட்டு, அதை வைத்து வேறு ஆட்கள் வைரஸுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டார்கள்.

உனக்கு எதற்கு அது வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன். கேம் ஆடுகிறவள் இல்லை நீ. கட்டிடம் வரைகிற ஆட்டோகேடும் ஸ்கெட்ச்அப்பும்தான் என்றால் மாற்றின டிரைவரால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அந்த ஏஎம்டி சிப்பின் மெமரி 64 பிட் என்கிற குறுகலான வழியில் போகிற மெதுவான டிடிஆர்3, எந்த டிரைவர் போட்டாலும் அந்த வழி அகலமாகாது. எஸ்எஸ்டி போட்டு ரேமைக் கூட்டு, சூடு ஏறினால் சிப் மேல் தடவுகிற பேஸ்ட்டை மாற்று. இதெல்லாம் நானே செய்துதருவேன், நீ காசைப் பற்றி யோசிக்காதே.

அம்மா கேட்கிறாள், ஆபீஸில் கொடுத்த பெரிய மிஷின் இருக்கும்போது பாப்பா ஏன் இதைப் போய் எடுக்கிறாள் என்று. வீட்டில் சொந்தமாக ஏதாவது வரைவாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அம்மா பதில் சொல்லவில்லை, முறுக்கு மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள். உனக்கு அனுப்பத்தான் சுட்டாள், டப்பா இன்னும் அலமாரியில் இருக்கிறது.

போன வாரம் மச்சு வீட்டு ஆச்சியைப் பார்க்கப் போயிருந்தேன். நீ பிளான் போட்டுக்கொடுத்த மாடியை இன்னும் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்கள், எங்கள் பேத்தி போட்டது என்று. ஜன்னலை நீ அந்தப் பக்கம் வைத்ததால் மத்தியானம் லைட்டே போடவேண்டாம் என்கிறார்கள். அதை உன்னிடம் சொல்ல போனைக் கையில் எடுத்தேன், அப்புறம் வைத்துவிட்டேன். நீ மூன்று தடவை எடுக்கவில்லை. எடுக்காதது தப்பு பாப்பா. ஒரு நிமிஷம் நல்லா இருக்கேன் என்று சொல்ல முடியாதா?

சரி, வேலைக்கு வருகிறேன். பேக்கப் எடு. ரீஸ்டோர் பாயின்ட் ஒன்று வை. நெட்டைக் கழற்று, சேஃப் மோடில் போய் டிடியு என்கிற டிரைவர் நீக்குகிற டூலை வைத்துப் பழைய டிரைவர்களைச் சுத்தமாக எடு. பிறகு முதலில் இன்டெல், ரீஸ்டார்ட், அதற்கப்புறம்தான் ஏஎம்டி. இரண்டும் கம்பெனிப் பொட்டலத்தில் இருந்தே. டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸில் நோ என்று வைத்துவிட்டு நெட்டை மாட்டு, இல்லையென்றால் விண்டோஸ் அப்டேட் உனக்குத் தெரியாமலேயே அதன் இஷ்டத்துக்கு ஒரு டிரைவரை ஏற்றிவிடும். கறுப்பு ஸ்கிரீன் வந்தால் பயப்படாதே. உன் ஃபைலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எந்தக் கடைக்காரன் சொன்னாலும் ஃபார்மட் பண்ண விடாதே. டெஸ்க்டாப்பில் வைக்காதே என்று திரும்பவும் சொல்கிறேன்.

இந்த டெஸ்க்டாப் விஷயத்தை நான் உன்னிடம் எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது எழுதும்போதே கை நிற்கிறது.

2019இல் நீ தீசிஸ் ரிவ்யூவுக்கு முன்னால் மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்தாயே, அந்த சனிக்கிழமை. ஸ்கிரீன் வரவில்லை என்று அழுதுகொண்டே கடைக்குள் வந்தாய். நான் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன், கண்டதையும் டவுன்லோட் பண்ணியிருப்பாய் என்று. நீ எதையும் டவுன்லோட் பண்ணவில்லை. அந்த வருஷம் பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது, கட்டிட மாடலை ஸ்கிரீனில் திருப்பும்போது திக்குகிறது என்று சொன்னாய், நீ தூங்கினபிறகு நான்தான் மாற்றின டிரைவர் ஒன்றை ஏற்றினேன். புதுசாகக் கற்றுக்கொண்டிருந்த நேரம், உனக்கு வேகமாக்கிக் கொடுத்துவிட்டேன் என்ற பெருமை. இரண்டு மாசம் ஓடியது. பிறகு அப்டேட் வந்து இன்டெல் பக்கத்தை மாற்றிவிட்டது, இரண்டும் முட்டிக்கொண்டு ஸ்கிரீன் போனது. கடையில் அதைப் பார்த்த ஐந்தாவது நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது. விண்டோஸ் எந்த டிரைவர் எப்போது ஏறியது என்று ஒரு லாக் எழுதிவைக்கும். அதில் பொங்கல் ராத்திரி தேதியும் மணியும் அப்படியே இருந்தது.

சேஃப் மோடில் போய்ப் பழைய டிரைவருக்கே ரோல் பேக் பண்ணியிருந்தால் கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும். நீ பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றையும் ஏனப்பா, என்னப்பா என்று கேட்டுக்கொண்டிருந்தாய், நீ அந்தத் தேதியைப் பார்த்துவிடுவாயோ என்று எனக்கு. உன்னைக் காபி வாங்கிவரச் சொல்லிவிட்டு சி டிரைவை ஃபார்மட் பண்ணினேன். உன் ரெண்டர் படமெல்லாம் டெஸ்க்டாப்பில் இருந்தது என்று நீ வந்து சொன்னபிறகுதான் எனக்குத் தெரியும். அப்போதும் வாயைத் திறக்காமல் உன்னையே திட்டினேன், டெஸ்க்டாப்பில் வைப்பார்களா என்று. நீ ராத்திரி முழுக்க உட்கார்ந்து கையால் ஷீட் வரைந்தாய். நான் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு பேப்பர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மார்க் குறைந்ததும், சென்னை ஆபீஸ் உன்னைக் கூப்பிடாததும், எல்லாவற்றுக்கும் உன் கவனக்குறைவுதான் காரணம் என்று நீயே சொல்ல ஆரம்பித்தாய். போன வருஷம் டவுன் சித்தி வீட்டு விசேஷத்தில்கூடச் சொன்னாய், நான் அப்பவே சொதப்பினவள்தானே என்று. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை.

நீ ஒன்றும் சொதப்பவில்லை. அது என் வேலை. ஏழு வருஷமாக உன் தலையில் வைத்துவிட்டேன். இதை நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததே இல்லை.

அந்த மிஷினோடு வந்த 2016ஆம் வருஷக் கம்பெனிப் பொட்டலம் இரண்டு டிரைவரோடும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. தளத்தில் இப்போது அது கிடைக்குமோ என்னவோ, தேடி அலையாதே. பென் டிரைவில் போட்டுத் தருகிறேன். லேப்டாப்பையே எடுத்துக்கொண்டு நாகர்கோவில் வண்டியில் ஏறிவிட்டாய் என்றால் ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன், எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு, யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், அம்மாவிடமும் சொல்லிவைக்கிறேன். வரமுடியாது என்றால் முறுக்கு டப்பாவோடு சேர்த்துக் கூரியரில் போடுகிறேன். பழைய விலாசத்துக்கே போடலாமா, வேறு விலாசமா என்று மட்டும் ஒரு வரி அனுப்பு.

அப்பா