மாவடுவ வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதில்லங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதம் பகுதியில ஒருத்தர் ஏர்போர்ட் செக்கிங் பத்தி எழுதியிருந்தாரு. அவங்க அம்மா ஆசையா போட்டுக் குடுத்த மாவடு பாட்டில செக்யூரிட்டில புடுங்கி வச்சுக்கிட்டாங்களாம், மனசாட்சி இல்லாத ஜென்மங்களாம், சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் தயிர் சோத்துக்குத் தொட்டுக்குவாங்களாம். படிச்சதும் சிரிப்பு வந்துச்சு, அப்புறம் கோவம் வந்துச்சு, ரெண்டு நாள் ஆறப்போட்டுட்டு இப்ப எழுத உக்காந்திருக்கேன். நான் ஏர்போர்ட் காவல் பாக்குற மத்திய தொழில் பாதுகாப்புப் படை, அதான் சி.ஐ.எஸ்.எஃப்.ல இருந்து விருப்ப ஓய்வு வாங்கினவ, சர்வீஸ்ல பாதிக்கு மேல ஏர்போர்ட் டியூட்டி. எந்த ஏர்போர்ட்டுன்னு வேண்டாம், துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் ராத்திரியில கூட்டம் ஏறுற ஒரு தமிழ்நாட்டு ஊருன்னு வச்சுக்கோங்க.

முதல்ல அந்த மாவடு. எங்க தலைக்கு மேல கேமரா, வாங்கின பொருளப் போடற தொட்டிக்கு மேலயும் கேமரா. ஒரு சாக்லேட்ட எடுத்து பாக்கெட்ல போட்டா கூட வேலை போயிடும். அதனால அண்ணே, உங்க அம்மா மாவடு யார் வீட்டு தயிர் சோத்துக்கும் போகல, குப்பைக்குத்தான் போச்சு. அது இன்னும் கொடுமைதான், ஒத்துக்கறேன்.

ஏன் எடுக்கறோம்னு கேட்டா, 2006 ஆகஸ்ட்ல லண்டன்ல ஒரு கும்பலப் பிடிச்சாங்க, கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல வெடி திரவத்த ஊத்தி ஃப்ளைட்ல கொண்டு போற திட்டம். அதுக்கப்புறம் வந்ததுதான் இந்த 100 மில்லி கணக்கு. வெளிநாட்டு ஃப்ளைட்டுக்குப் போறவங்க கைப்பையில தண்ணியோ எண்ணெயோ பேஸ்ட்டோ எதுவா இருந்தாலும் 100 மில்லிக்கு மேல உள்ள பாட்டில்ல கூடாது, பாதி காலியா இருந்தாலும் கூடாது. மாவடு உப்புத் தண்ணியில மிதக்குது, அதுவும் கணக்குல வந்துடுது.

அந்த எக்ஸ்ரே ஸ்கிரீன்ல என்ன தெரியும்னு வெளிய யாருக்கும் தெரியாது, அதையும் சொல்லிடறேன். இரும்பு, செம்பு எல்லாம் நீலமா தெரியும். சாப்பாடு, துணி, பிளாஸ்டிக், சோப்பு இதெல்லாம் ஆரஞ்சு. ரெண்டுக்கும் நடுவுல உள்ளது பச்சை. இப்ப பிரச்சினை என்னன்னா வெடிமருந்தும் ஆரஞ்சுதான். அரைக் கிலோ திருநெல்வேலி அல்வாவ டப்பாவோட அடியில அழுத்தி வச்சு, மேல சார்ஜர் ஒயரையும் சுருட்டி வச்சு அனுப்பினீங்கன்னா அங்க உக்காந்திருக்கவளுக்கு நெஞ்சு ஒரு தடவ நின்னு போகும். பைய தொறக்கச் சொன்னா, என்ன மேடம் அல்வா சாப்பிட்டதே இல்லையான்னு ஒரு நக்கல் வேற.

அந்த சீட்ல ஒரே ஆள் 20 நிமிஷத்துக்கு மேல உக்காரக் கூடாது, மாத்தி விட்டுடணும். அதுக்கு மேல கண்ணு பார்க்கும் மூளை பார்க்காது. போதாததுக்கு மெஷினே நடுநடுவுல ஒரு பொய்த் துப்பாக்கிப் படத்த யாரோ ஒரு பயணி பைக்குள்ள இருக்கிற மாதிரி காட்டும், நாம கண்டுபிடிச்சு பட்டன அமுக்கணும், விட்டோம்னா அதுவும் நம்ம பேர்ல ஏறிடும். விடிகாலை மூணு மணிக்கு, பின்னாடி இருநூறு பேர் சீக்கிரம் சீக்கிரம்னு நிக்கும்போது இதப் பண்ணிப் பாருங்க.

ஸ்கிரீன விட்டு எழுந்தா லேடீஸ் செக்கிங், அந்தத் திரை போட்ட அடைப்புக்குள்ள. பலகை மேல ஏறி நிக்கச் சொல்லி, கைய விரிக்கச் சொல்லி, டிடெக்டர தோள்ல இருந்து கால் வரைக்கும் கொண்டு போகணும். நம்ம ஊர் அம்மாங்க தாலிக் கயித்துல நாலு ஊக்கு கோத்திருப்பாங்க, அது கீங்குன்னு கத்தும். கத்தினதும் பாவம் அவங்க முகம் செத்துப் போயிடும். நாம தாலியக் கழட்டச் சொல்லப் போறோம்னு பயம். கழட்ட வேண்டாம்மா, ஊக்குதான், எனக்கும் இருக்குன்னு என் கழுத்தத் தொட்டுக் காட்டுவேன், அப்புறம்தான் மூச்சு விடுவாங்க. இத ஹிந்திக்கார பொண்ணு ஒருத்தி சொல்ல முடியாது, அவ கெட்டவ இல்ல, பாஷை தெரியாது, அவ்ளோதான். 2020 ஆகஸ்ட்ல சென்னை ஏர்போர்ட்ல ஹிந்தி தெரியாதுன்னு சொன்னதுக்கு எங்க படை அதிகாரி ஒருத்தங்க நீங்க இந்தியரான்னு கேட்டாங்கன்னு கனிமொழி எம்.பி. எழுதினப்ப நாடே பேசுச்சு. எம்.பி.க்கு அவ்வளவுன்னா மன்னார்குடி பக்கத்துல இருந்து வர்ற பெரியவருக்கு பெல்ட் நிகாலோன்னா என்ன புரியும். எந்த லைன்ல சத்தம் வந்தாலும் தமிழ் மேடத்தக் கூப்பிடுன்னு என்னத்தான் இழுப்பாங்க.

அப்படி இழுத்துட்டுப் போன ஒரு ராத்திரிதான் இந்த லேகியக் கதை நடந்துச்சு. ஒரு அறுபத்தஞ்சு வயசு அம்மா, முதல் தடவ ஃப்ளைட்டு, சிங்கப்பூர்ல பொண்ணுக்குப் பிரசவம். கைப்பையில பெரிய ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய பிரசவ லேகியம். வீட்லயே கிண்டினது, மூடிக்கு மேல துணி சுத்தி நூல் கட்டி, ஓரத்துல நெய் கசிஞ்சு விரல்ல ஒட்டுது, சுக்கு வாசம் எக்ஸ்ரே மெஷின் பெல்ட் முழுக்க. நான் விதியச் சொன்னேன். அந்தம்மா சண்டை போடல. வெளிய பையன் நிக்கிறான், அவன்கிட்ட குடுத்துட்டு ஓடி வந்துடட்டுமான்னு கேட்டாங்க. முடியாது. நம்ம ஊர்ல வெளிநாட்டுப் பயணத்துக்கு முதல்ல இமிக்ரேஷன், அப்புறம்தான் எங்க செக்கிங். பாஸ்போர்ட்ல முத்திரை குத்தியாச்சு, பெட்டியும் போயாச்சு. கொஞ்ச நேரம் பாட்டிலயே பார்த்துட்டு இருந்தாங்க. அப்புறம், குப்பையில போடாத தாயி, நீ எடுத்துக்கோ, நின்னு நின்னு வேலை பாக்குற, இடுப்புக்கு நல்லதுன்னு என் கையில வச்சாங்க.

எடுத்துக்க முடியாதுன்னு சொன்னேன். அவங்க கண்ணு முன்னாடியேதான் தொட்டியில போட்டேன், போட்டப்ப பாட்டில் உடைஞ்ச சத்தம் கேட்டுச்சு.

இதத்தான் அந்த வாசகருக்கும் உங்களுக்கும் சொல்ல வர்றேன். அந்த லேகியம் செக்-இன் பெட்டியில நல்லா சுத்தி வச்சிருந்தா சிங்கப்பூர் ஃப்ளைட்ல ஏறியிருக்கும். அத அந்த அம்மாகிட்ட யாருமே சொல்லல. டிக்கெட் போட்டுக் குடுத்த டிராவல்ஸ்காரர் எத்தனை கிலோன்னு மட்டும் சொல்லி அனுப்பியிருக்காரு. ஏர்லைன்ஸ் அனுப்புற மெயில்ல இங்கிலீஷ்ல பொடி எழுத்துல எல்லாம் இருக்கும், அத யாரு படிக்கிறது. கடைசியில மொத்த சாபமும் பெல்ட் பக்கத்துல நிக்கிறவ தலையில.

எல்லாத்தையும் பெட்டியில போட்டா முடிஞ்சுதுன்னும் இல்ல, அங்கதான் அடுத்த குழப்பம். பவர் பேங்க பெட்டியில போடக் கூடாது, கையிலதான் வச்சுக்கணும், லித்தியம் பேட்டரி ஃப்ளைட்டோட அடியில பெட்டி வைக்கிற இடத்துல தீப்பிடிச்சா உடனே போய் அணைக்க முடியாது. அதே மாதிரி கொப்பரை. சமையலுக்குன்னு பெட்டி நிறைய கட்டிட்டு வருவாங்க, எண்ணெய்ச் சத்து ஜாஸ்திங்கறதால தானா சூடேறி தீப்பிடிக்கக் கூடிய சரக்குன்னு அது தடைப் பட்டியல்ல இருக்கு. கொப்பரைய வெடிகுண்டு மாதிரி பாக்குறீங்களேன்னு எவ்வளவு திட்டு வாங்கியிருக்கேன் தெரியுமா. கசகசா வேற, நாங்க தடுக்க மாட்டோம், ஆனா துபாய்ல இறங்கினா அது போதைப்பொருள் கேஸ், ஜெயிலுக்கே போயிருக்காங்க.

விதியே மாறாதுன்னும் நினைக்காதீங்க. இருமுடித் தேங்காய கைப்பையில விட மாட்டாங்க, சாமிங்க எல்லாம் தவிச்சாங்க, 2022-ல சபரிமலை சீசன் மட்டும் செக் பண்ணிட்டு விடலாம்னு உத்தரவு போட்டாங்க, 2024-லயும் போட்டாங்க. கேட்டாங்க, கிடைச்சுது.

அதனால ஐயா, ஒரு உதவி. பள்ளிக்கூட லீவுக்கும் பொங்கலுக்கும் முன்னாடி கூட்டம் ஏறும், அந்த நேரத்துல உங்க பேப்பர்ல கால் பக்கம் ஒதுக்குங்க. கையில என்ன, பெட்டியில என்ன, எதுலயுமே கூடாதது என்னன்னு தமிழ்ல, கண்ணாடி போடாம படிக்கிற மாதிரி பெரிய எழுத்துல போடுங்க. நம்ம வீட்டுப் பேரச் சொல்லிப் போடுங்க, திரவப் பொருட்கள்னு போட்டா ஒருத்தருக்கும் புரியாது. மாவடு, வத்தக்குழம்பு, நல்லெண்ணெய், பிரசவ லேகியம்னு போடுங்க. டிராவல்ஸ் கடைக்காரங்களும் அத வெட்டி எடுத்து கண்ணாடியில ஒட்டி வச்சா புண்ணியமாப் போகும்.

என் பேர் வேண்டாம்,
ஓய்வு பெற்ற ஸ்கிரீனர், தஞ்சாவூர் மாவட்டம்