பேச்சுக்கு எழுத்துத் தேர்வா?

ஐயா,

ஏற்காட்டிலிருந்து தினமும் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி சேலத்துக்குப் படிக்க வரும் பி.காம். மாணவி நான். எங்கள் கல்லூரியில் இந்த ஆண்டு ஆங்கிலப் பேச்சு வகுப்பின் பாடத்தை மாற்றிவிட்டார்கள். முன்பு விமான நிலைய உரையாடலை மனப்பாடம் செய்வோம். விமானம் ஏறியவர் வகுப்பில் ஒருவரும் இல்லை. இப்போது, ஏற்காட்டின் பகோடா பாயின்ட் காட்சிமுனைக்கு வழி கேட்கும் வெளியூர்க்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் நிஜமாகவே கேட்பார்கள் என்பதால் எனக்குப் பிடித்திருக்கிறது. பக்கத்து பெஞ்ச் தோழிக்குப் பிடிக்கவில்லை. "பழைய பாடம்னா படிச்சா மார்க் வந்துடும். இதுல வாயைத் திறந்தாலே சிரிக்கிறாங்க" என்கிறாள். அதுவும் நியாயம்தான். 60 பேர், 50 நிமிடம்; ஆளுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. இதில் வேடிக்கை, பருவத் தேர்வு இன்னும் எழுத்துத் தேர்வுதான். வழி சொல்லும் கேள்விக்கு நான் இரண்டு பக்கம் எழுதிவிட்டு வந்தேன்!

வகுப்பை இரண்டு குழுவாகப் பிரியுங்கள், பாதி மதிப்பெண்ணையாவது வாய்மொழித் தேர்வுக்குக் கொடுங்கள். அப்புறம், பாடத்தை மாற்றுவதற்கு முன் எங்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

- கல்லூரி மாணவி, ஏற்காடு